கோட்டுக்குக் கீழே ஓர் அடி: கோர்ன் ஃபெர்ரி சீசன் பற்றி ஒரு ராத்திரி ஷிஃப்ட்காரன்

ராயபுரம்_ராத்திரி (திங்கள், 2.40)

ராயபுரத்தில் உட்கார்ந்துகொண்டு கோல்ஃப் பற்றி இழை திறக்கிறான் பார் என்று சிரிக்கிறவர்கள் முதலில் சிரித்து முடித்துவிடுங்கள்.

எனக்குப் பாரிமுனையில் கப்பல் சரக்குப் பத்திரங்கள் தயாரிக்கும் ஆபீஸில் ராத்திரி வேலை. அந்தப் பக்கத்து ஆள் பில்லில் திருத்தம் சொல்லும் வரை கம்ப்யூட்டரை முறைத்துக்கொண்டு இருக்க வேண்டும். கிரிக்கெட் இல்லாத ஒரு ராத்திரியில் கோல்ஃப் ஸ்கோர் பக்கம் ஒன்றைத் திறந்தேன். அன்று பிடித்த பைத்தியத்துக்கு இது நாலாவது வருடம். மட்டையைக் கையால் தொட்டது கிடையாது.

அமெரிக்காவின் பெரிய கோல்ஃப் தொடரான பிஜிஏ டூர் எனக்கு ஒரே வருடத்தில் சலித்துவிட்டது. பணக்காரன் இன்னும் கொஞ்சம் பணக்காரன் ஆவதை விடிய விடியப் பார்க்க என்ன இருக்கிறது? அதற்கு ஒரு படி கீழே இருக்கும் கோர்ன் ஃபெர்ரி டூர்தான் என்னை இழுத்துப் பிடித்துக்கொண்டது. 1990இல் பென் ஹோகன் டூர் என்று தொடங்கினார்கள். ஸ்பான்சர் மாற மாற நைக்கி, பை.காம், நேஷன்வைடு, வெப்.காம் என்று பெயரும் மாறி, 2019இலிருந்து இந்தப் பெயர். நம் தெருக்களுக்குப் பெயர்ப் பலகை மாறுகிற மாதிரிதான்.

ஜனவரியில் பஹாமாஸ் தீவுகளில் சீசன் தொடங்கும். அங்கே மட்டும் ஆட்டம் ஞாயிறு தொடங்கிப் புதனில் முடியும். அங்கே காலை 7 மணி என்றால் நமக்கு மாலை 5.30. நான் சாப்பாட்டுக் கேரியரோடு ஆபீஸில் நுழையும்போது பாதி ஆட்டம் ஓடியிருக்கும். அப்புறம் பனாமா, கொலம்பியா, அர்ஜென்டினா, சிலி என்று சுற்றிவிட்டுத்தான் அமெரிக்காவுக்குள் ஊர் ஊராகப் போவார்கள், அக்டோபர் வரைக்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த டூரில் நான் கோப்பையைப் பார்ப்பதே இல்லை. கோட்டைத்தான் பார்க்கிறேன். கோடு இரண்டு. ஒன்று வாராவாரம் விழும். 156 பேர் இரண்டு நாளில் 36 குழி ஆடி முடித்ததும், முதல் 65 இடங்களும் 65க்குச் சமமாக நிற்பவர்களும் உள்ளே. மற்றவர்கள் பெட்டியைக் கட்டலாம், அந்த வாரம் ஒரு டாலர்கூடக் கிடையாது. இன்னொன்று சீசன் முடிவில். புள்ளிப் பட்டியலில் கோட்டுக்கு மேலே இருப்பவர்களுக்கு அடுத்த வருடம் பிஜிஏ டூர் கார்டு, அதாவது அங்கே ஆடும் உரிமை. 2023இலும் 2024இலும் 30 பேருக்குக் கொடுத்தார்கள். 2025இல் அதை 20 ஆக்கிவிட்டார்கள்.

கலந்தாய்வில் அரை மார்க்கில் சீட்டுப் போன பிள்ளை உள்ள வீட்டுக்கு இது புரியும். ஆனால் அங்கே மார்க் வந்துவிட்டால் வந்ததுதான். இங்கே ஆட்டத்தை முடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு 20ஆவது ஆளாக ஒருவன் உட்கார்ந்திருப்பான். நாலு குழிக்குப் பின்னால் முன்பின் தெரியாத ஒருவன் பத்தடியிலிருந்து பந்தைக் குழிக்குள் உருட்டிவிடுவான். இவன் 21. நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை, ஒரு வருடப் பிழைப்பு போய்விட்டது.

30ஐ 20 ஆக்கியது அநியாயம் என்கிறேன். சண்டைக்கு வரலாம்.


வியாசர்பாடி_விங்கர் (திங்கள், 7.15)

எங்கள் ஏரியாவில் பந்து என்றால் காலால் உதைக்கிற பொருள். ஆனாலும் முழுதாகப் படித்தேன் தல. சென்னை லீக்கில் இரண்டாம் டிவிஷனிலிருந்து முதல் டிவிஷனுக்கு ஏறுவது மாதிரிதானே இது? இதில் என்ன புதுமை?


ராயபுரம்_ராத்திரி (திங்கள், 8.05)

லீக்கில் டீம் இறங்கினால் பதினோரு பேரும் சேர்ந்து இறங்குவீர்கள், டீக்கடையில் கோச்சைச் சேர்ந்து திட்டலாம். இங்கே ஆள் தனி. திட்டுவதற்குக் கூட இருப்பவர் மட்டைப் பை தூக்குகிற கேடி ஒருவர்தான், அவரும் சம்பளத்துக்கு வந்தவர்.


கொருக்குப்பேட்டை_கணக்கு (திங்கள், 13.20)

உணர்ச்சியை ஓரமாக வைத்துவிட்டுக் காசைப் பாருங்கள். ஒரு போட்டிக்கு மொத்தப் பரிசு 10 லட்சம் டாலர். முதல் பரிசு அதில் 18 சதவீதம், அதாவது 1,80,000. 65ஆவது இடத்துக்கு வருபவருக்குச் சுமார் 4,000. கோட்டைத் தாண்டிய கடைசி ஆளுக்கு இதுதான். இந்த 4,000இல் விமான டிக்கெட், ஹோட்டல், சாப்பாடு, கேடியின் வாரச் சம்பளம், வரி எல்லாம் போக வேண்டும். கோட்டைத் தாண்டாத தொண்ணூறு பேருக்கும் செலவு இதேதான், வரவு மட்டும் இல்லை.

இந்த வியாபாரத்தை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை, காசிமேட்டைத் தவிர. விசைப்படகு கிளம்பும்போதே டீசல், ஐஸ், அரிசி பருப்பு எல்லாம் போட்டாக வேண்டும். மீன் கிடைத்தால் செலவைக் கழித்துவிட்டுப் பங்கு. கிடைக்காவிட்டால் கடன். கேடிக்கும் அப்படித்தான், வாரக் கூலி போக, ஆட்டக்காரருக்குப் பரிசு விழுந்தால்தான் அதில் ஒரு பங்கு. படகுக்காரர்களுக்காவது ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலம் என்று தெரியும், நிவாரணமும் உண்டு. கோல்ஃப்காரனுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டால் அதுதான் தடைக்காலம்.

இன்னொன்று. பட்டியல் பணத்தை வைத்துப் போடுவதில்லை, புள்ளியை வைத்துத்தான். சாதாரண வாரம் ஜெயித்தால் 500. கடைசி நாலு போட்டிகளில் ஜெயித்தால் 600. ஆகவே மார்ச்சில் பட்டியலில் மேலே இருப்பவன் தூங்கிவிடக்கூடாது. செப்டம்பரில் ஒருவன் சூடுபிடித்தால் இருபது முப்பது இடம் தாண்டி வந்து உட்கார்ந்துவிடுவான்.


வியாசர்பாடி_விங்கர் (திங்கள், 13.50)

காசிமேடு உதாரணம் நன்று. ஆனால் காசிமேட்டில் அரசாங்க நிலத்தில் நூற்றுச் சொச்சம் ஏக்கரை நாலு பேர் பொழுதுபோக்குக்கு வளைத்துப் போடவில்லை. கிண்டி ரேஸ் கோர்ஸ் குத்தகையை 2024 செப்டம்பரில் அரசு ரத்து செய்தபோது கணக்குப் பார்த்தேன், 160 ஏக்கர். அதற்குள்ளேதான் ஒரு கோல்ஃப் மைதானமும். எங்கள் பையன்கள் ஐந்து பேர் ஆடுகிற இடத்தில் பதினைந்து பேர் ஆடுகிறார்கள். இந்த விளையாட்டுக்காக நான் ஏன் கண்ணீர் விட வேண்டும்?


பழைய_கேடி (திங்கள், 21.30)

தம்பி விங்கர், நீ சொல்வது தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் புல்லில் பை தூக்கிப் பிழைத்தவர்களையும் அந்த ஏக்கருக்குள் எண்ணிக்கொள். நான் பதினான்கு வயதில் நந்தனம் மைதானத்தில் பை தூக்கப் போனவன். கல்யாணத்துக்கு அப்புறம்தான் தண்டையார்பேட்டைக்கு வந்தேன். இப்போது ஆட்டோ.

அமெரிக்காவை விடு. நம் ஊர் டூரே, பிஜிடிஐ, அப்படித்தான். சென்னை ஓப்பன் நந்தனத்தில் நடக்கும்போது வெளியூர் ஆட்டக்காரர்கள் பலர் சொந்தக் கேடியைக் கூட்டி வர மாட்டார்கள், கட்டுப்படியாகாது. வாசலில் நிற்கும் எங்களில் ஒருவனைப் பிடித்துக்கொள்வார்கள். செவ்வாய்க்கிழமை தொடக்கம், வெள்ளிக்கிழமை முடிவு. புதன் சாயங்காலம் கோடு விழும், 50 இடம்.

ஒரு புதன்கிழமையை மட்டும் சொல்கிறேன். என் ஆள் வடக்கே ஒரு ஊர்க்காரர், ராணுவ மைதானம் ஒன்றில் பந்து பொறுக்கி வளர்ந்தவர். கடைசிக் குழி. பார், அதாவது அந்தக் குழிக்கு வைத்த அடிக் கணக்கு, எடுத்தால் உள்ளே, ஒன்று கூடினால் வெளியே. பந்து குழிக்கு நாலடியில் நிற்கிறது. அதை எடுத்து ஈரத்துண்டால் துடைத்துக் கொடுத்தேன். அவர் பந்தைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார். சாயங்காலத்தில் எங்கள் க்ரீனில், அதாவது குழியைச் சுற்றிய வழவழப்பான தரையில், புல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும், குழியின் ஓரத்தைப் பார்த்தால் தெரியும், ஒரு பக்கம் பழுப்பாக அறுபட்ட மாதிரி இருக்கும். பந்து அந்தப் பக்கம்தான் இழுக்கும். 'இடது ஓரம், உள்ளேயே வை' என்று இந்தியில் சொன்னேன், எனக்குத் தெரிந்த இந்தி அவ்வளவுதான். அவர் நடுவில் அடித்தார். பந்து குழியின் உதட்டில் ஏறி ஒரு சுற்றுச் சுற்றி வெளியே நின்றது. அவர் கத்தவில்லை, மட்டையை வீசவில்லை. குனிந்து தொப்பியை எடுத்துக் கூட ஆடியவர்களுக்குக் கை கொடுத்தார்.

பார்க்கிங்கில் பையைக் கீழே வைத்தேன். பர்ஸைத் திறந்து எண்ணினார், இரண்டு முறை. பேசின தொகையில் எழுநூறு குறைந்தது. 'அடுத்த வருஷம்' என்றார். அடுத்த வருடம் அவர் வரவில்லை. எனக்கு அந்த எழுநூறில் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்த இடது ஓரம்தான் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

அப்புறம், இது பணக்காரன் விளையாட்டு மட்டும்தான் என்று சொல்வதற்கு முன்னால் மூன்று பேரைத் தெரிந்துகொள். அலி ஷேர், டெல்லியில் கேடி, 1991இல் இந்தியன் ஓப்பன் ஜெயித்தார், 1993இல் மறுபடியும். சின்னசாமி முனியப்பா, பெங்களூரில் பை தூக்கியவர், 2009இல் இதே இந்தியன் ஓப்பனைப் பிளே-ஆஃபில் கொரியாக்காரரைத் தோற்கடித்து வாங்கினார். எஸ்.எஸ்.பி. சௌரசியா, அப்பா கொல்கத்தாவில் புல் பராமரித்தவர். 2008இல் டெல்லியில் இந்தியன் மாஸ்டர்ஸ் ஜெயித்து ஐரோப்பிய டூருக்கே போனார்.


வியாசர்பாடி_விங்கர் (திங்கள், 22.10)

அண்ணே, அந்த எழுநூறை வாசித்ததும் வாயை மூடிக்கொண்டேன். நிலத்தைப் பற்றிச் சொன்னதை மட்டும் திரும்ப வாங்க மாட்டேன்.


பழைய_கேடி (திங்கள், 22.14)

வாங்க வேண்டாம் தம்பி.


சுண்டுவிரல்_புதுவண்ணை (செவ்வாய், 6.50)

நான் கேரம் ஆடுகிற பெண், மாநில அளவு வரைக்கும் போயிருக்கிறேன். இந்த இழையில் எல்லோரும் கோட்டுக்குக் கீழே விழுந்தவர்களுக்காக வருத்தப்படுகிறீர்கள். எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

ஏன் என்றால், வாராவாரம் தோற்பதற்கென்று அவர்களுக்கு ஓர் இடம் இருக்கிறது. இந்த வாரம் தோற்றால் அடுத்த வாரம் வேறு ஊர், வேறு பலகை. பேச்சுவாக்கில் சொன்னேன், பலகை எங்களுக்குத்தான். எங்களுக்கு வருடத்தில் கையில் எண்ணுகிற அளவு போட்டி. அதில் ஒன்றில் முதல் சுற்றில் போனால், ரிசர்வ் ஆகாத பெட்டியில் விடிய விடிய நின்று வந்து, அடுத்ததற்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். தோற்றுப் பழக முடியாது. எங்கள் ஏரியா காசிமா 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகப் போட்டியில் மூன்று தங்கம் வாங்கி வந்தபோது, எல்லோரும் அப்பா ஆட்டோ ஓட்டுகிறார் என்று எழுதினார்கள். அதற்கு முன்னால் அந்தப் பெண் எத்தனை பலகையில் எத்தனை முறை தோற்றுத் தேறினாள் என்பதை எழுதவில்லை. மரிய இருதயம் ஐயா இரண்டு முறை உலக சாம்பியன், 1996இல் அர்ஜுனா விருது. அவருக்குப் பின்னால் கேரமில் இன்னொரு அர்ஜுனா வரவில்லை. எங்களுக்கு மேல்படியும் இல்லை, கீழ்ப்படியும் இல்லை. ஒரே படி.

ஒரு சந்தேகம். பெண்களுக்கு இப்படி ஒரு டூர் உண்டா?


ராயபுரம்_ராத்திரி (செவ்வாய், 8.30)

உண்டு. எப்சன் டூர். முன்னால் ஃபியூச்சர்ஸ், அப்புறம் சிமெட்ரா என்று பெயர். மேலே பெண்களின் பெரிய டூரான எல்பிஜிஏ. பல வருடம் முதல் 10 பேருக்குத்தான் கார்டு. பரிசுப் பணம் ஆண்கள் இரண்டாம் படியில் பாதிகூட இல்லை. பெரிய நட்சத்திரமான நெல்லி கோர்டா 2016இல் அங்கே ஆடித்தான் மேலே ஏறினார்.

நீங்கள் சொன்ன 'தோற்பதற்கு ஓர் இடம்' என்பதை ராத்திரி முழுக்க யோசித்தேன். 2024 பிப்ரவரியில் கொலம்பியாவின் பொகோட்டாவில் நடந்தது ஞாபகம் வந்தது. அந்த ஊர் 2,600 மீட்டர் உயரம், நம் ஊட்டி கொடைக்கானலைவிட மேலே. காற்று லேசு, பந்து எங்கேயோ போகும். கடல்மட்டத்தில் பழகிய தூரக் கணக்கு ஒன்றும் உதவாது. சிலி நாட்டு கிறிஸ்டோபல் டெல் சோலார் முதல் நாளே 18 குழியையும் 57 அடியில் முடித்தார். பார் 70 மைதானம், 13 குறைவு. பிஜிஏ டூர் நடத்துகிற எந்தப் போட்டியிலும் அதைவிடக் குறைந்த ஸ்கோர் இல்லை. நான் திரையைப் பார்த்துத் தட்டச்சுப் பிழை என்று நினைத்தேன். பக்கத்து சீட்டு ஆளை எழுப்பிக் காட்டினேன், அவர் 'யாரு?' என்று கேட்டுவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டார்.

அந்த வாரக் கோப்பை டெல் சோலாருக்குக் கிடைக்கவில்லை. பிஜிஏ டூர் நடத்துகிற போட்டிகளில் யாரும் அடிக்காத 57 அடித்தவன், ஞாயிற்றுக்கிழமை வேறு ஒருவன் கோப்பையோடு படம் எடுப்பதைப் பார்த்துவிட்டு அடுத்த ஊருக்குப் போனான். பின்னால் அதே வருடம் கோடைகாலத்தில் ஒரு போட்டி ஜெயித்துக் கார்டு வாங்கினார். அடுத்த ஊர் இருந்ததால்தான் வாங்கினார். நீங்கள் சொன்னதுதான்.


எண்ணூர்_காற்று (செவ்வாய், 11.00)

பொகோட்டாவை விடுங்கள். 2017 ஜனவரியில் பஹாமாஸின் கிரேட் எக்சுமாவில் அடித்த காற்று தெரியுமா? 36 குழி முடிவில் கோடு பாருக்கு மேலே 11இல் விழுந்தது. 11 அதிகமாக அடித்தவன்கூட உள்ளே! ஜெயித்தவர் நாலு நாளும் சேர்த்து வெறும் 2 குறைவு. எண்ணூர் விரைவுச் சாலையில் டிசம்பரில் பைக் ஓட்டியவர்களை அங்கே அனுப்பியிருந்தால் கொஞ்சம் தாக்குப்பிடித்திருப்போம். லாரித் தூசி இல்லாமல் வெறும் காற்று என்றால் எங்களுக்கு ஏசி மாதிரி.


கொருக்குப்பேட்டை_கணக்கு (செவ்வாய், 14.40)

இழைக்காரரே, உங்கள் மூலக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். 20 சரி.

30 பேருக்குக் கார்டு கொடுத்தபோது என்ன ஆனது? கார்டு கையில் இருக்கும், பெரிய டூரில் ஆட இடம் இருக்காது. மூத்தவர்கள் பெயர் கொடுத்து இடம் மிஞ்சினால்தான் இவர்களுக்கு. ரேஷன் அட்டை கொடுத்துவிட்டுக் கடையில் சர்க்கரை இல்லை என்பது மாதிரி. இப்போது பிஜிஏ டூரே 2026இலிருந்து முழு உரிமை உள்ளவர்களை 125இலிருந்து 100 ஆக்கிவிட்டது. போட்டிக்கு 156 பேரை இறக்கியபோது இருட்டுவதற்குள் முடிக்க முடியாமல், மறுநாள் காலையில் மிச்சம் ஆடினார்கள். ஆள் குறைந்தால் ஏறுகிற 20 பேருக்காவது உண்மையில் ஆட்டம் கிடைக்கும்.


ராயபுரம்_ராத்திரி (செவ்வாய், 20.55)

ஏட்டில் சரி. ஆனால் வரலாற்றையும் பாருங்கள். 1990இல் முதல் 5 பேர்தான். 2013இலிருந்து பத்து வருடம், சீசனில் 25, கடைசித் தொடரில் 25 என்று 50. அப்புறம் 30. இப்போது 20. கதவைத் திறந்து காட்டிவிட்டு மெல்ல மூடுகிறார்கள். ஆட்டக்காரன் அதே ஆட்டம்தான் ஆடுகிறான், கோடுதான் அவனை நோக்கி ஏறி வருகிறது.


கொருக்குப்பேட்டை_கணக்கு (செவ்வாய், 21.10)

5க்கு 20 நாலு மடங்கு. உங்கள் கணக்கிலேயே நான் ஜெயிக்கிறேன்.

தவிர, கதவு இது ஒன்றுதான் என்பதுபோல் பேசாதீர்கள். தகுதிப் பள்ளி என்கிற தேர்வுப் போட்டி வழியாக நேரே கார்டு வாங்குவதை 2012ஓடு நிறுத்தி வைத்திருந்தார்கள், 2023இல் மறுபடி திறந்தார்கள். அதுபோக ஒரே சீசனில் இதே டூரில் மூன்று போட்டி ஜெயித்தால் வருடக் கடைசி வரை காத்திருக்க வேண்டாம், அந்த வாரமே மேலே போகலாம்.


பழைய_கேடி (செவ்வாய், 22.00)

திங்கள்கிழமைக் கதவையும் சொல்லுங்கள். அர்ஜுன் அத்வால் 2008இல் இந்த இரண்டாம் படியில் சட்டனூகாவில் ஒரு போட்டி ஜெயித்தவர். 2010இல் தோள் அடிபட்டுப் பெரிய கார்டும் போய்விட்டது. பிஜிஏ டூரின் விண்டம் போட்டிக்குத் திங்கள்கிழமைத் தகுதி ஆட்டத்தில் போய் வரிசையில் நின்றார், உள்ளே வந்தார், ஞாயிற்றுக்கிழமை ஜெயித்தார். பிஜிஏ டூரில் ஜெயித்த முதல் இந்தியர். திங்கள்கிழமை உள்ளே வந்து அப்படி ஜெயித்தவர் அதற்கு முன்னால் 1986இல்தான் ஒருவர். எங்கள் கேடி ஷெட்டில் அந்த வாரம் யாரோ மிக்சர் வாங்கி வந்தார்கள்.


ராயபுரம்_ராத்திரி (புதன், 3.25)

மூன்று பில் திருத்தம் ஒரே நேரத்தில் வந்துவிட்டது, அதனால் தாமதம். கணக்குக்காரரே, 20 சரி என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் அட்டையும் சர்க்கரையும் உதாரணத்துக்கு என்னிடம் பதில் இல்லை.

பழைய கேடி அண்ணே, அடுத்த சென்னை ஓப்பனுக்கு என்னை உள்ளே கூட்டிப் போக முடியுமா? நாலு வருடமாக எண்ணைத்தான் பார்த்திருக்கிறேன், புல்லைப் பார்த்தது இல்லை. நைட் ஷிஃப்ட் முடித்து நேரே வந்துவிடுவேன்.


பழைய_கேடி (புதன், 6.10)

வா. ஆனால் செவ்வாய்க்கிழமை வராதே, புதன்கிழமை வா. தண்டையார்பேட்டை மெட்ரோவில் ஏறினால் வண்டி மாற வேண்டாம், நந்தனத்தில் இறங்கலாம். பகலெல்லாம் எங்கே வேண்டுமானாலும் சுற்று. நாலு மணிக்கு 18ஆவது க்ரீனுக்கு வந்துவிடு, நான் மேற்குப் பக்கம் மரத்தடியில் நிற்பேன்.


சுண்டுவிரல்_புதுவண்ணை (புதன், 6.32)

நானும் வரலாமா? அந்தக் குழி ஓரத்தில் பழுப்பு எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டும்.


வியாசர்பாடி_விங்கர் (புதன், 6.40)

நானும். புல் எப்படி வளர்க்கிறார்கள் என்று கேட்க வேண்டும். எங்கள் கிரவுண்டில் கோல் போஸ்ட்டுக்கு முன்னால் ஒரு புல்கூட இல்லை.